வானளாவிய கோபுரமும் எழுபத்தொன்பதாம் மாடியும்



அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தில் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களில் நமதாண்டவர் கோபுரங்களைப் பற்றிப் பேசுகிறார். பதின்மூன்றாம் அதிகாரத்தில் வருவது இடிந்து விழுந்த கோபுரம். பதினாலாம் அதிகாரத்தில் வருவது கட்டி முடியாத கோபுரம். இந்த இரண்டாவதைப் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து, கையிலிருக்கிற பணம் வேலையை முடிக்கப் போதுமா என்று கணக்குப் பார்க்கமாட்டானா, பாராமல் அஸ்திவாரம் போட்டுவிட்டுப் பாதியில் விட்டால் பார்க்கிறவர்கள் பரிகாசம் பண்ணமாட்டார்களா என்று கேட்கிறார். முதலாவது கோபுரத்தைப் பற்றி அவ்வளவாகக் கேட்டிருக்கமாட்டீர்கள். இரண்டையும் சேர்த்துத் தியானிக்க இப்போது ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருக்கிறது.

வருகிற மே மாதம் 1-ம் தேதி தொழிலாளியாகிய அர்ச். சூசையப்பர் திருநாள். 1955-ம் வருஷத்தில் பரிசுத்த பிதா 12-ம் பத்திநாதர் தொழிலாளிகளின் நாளாகிய மே 1-ம் தேதியை அந்த நசரேத்தூர்த் தச்சருக்கு ஒப்புக்கொடுத்தார். அதற்கு இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னே, 1931-ம் வருஷம் அதே மே 1-ம் தேதியில், அமெரிக்கா தேசத்து நியூயார்க் பட்டணத்தில், அந்நாளில் உலகத்திலேயே உயர்ந்ததாயிருந்த எம்பயர் ஸ்டேட் கட்டடம் திறக்கப்பட்டது. 102 மாடி, 1,250 அடி உயரம். அது எழும்பின கதையையும் அதற்குப் பின் நடந்ததையும் சொல்லுகிறேன். கதை என்றதால் இது வேடிக்கைக்காக என்று நினைத்துவிட வேண்டாம்.

அக்காலத்தில் நியூயார்க்கிலே உயரத்துக்கு ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. கிறைஸ்லர் கட்டடம் ஒரு பக்கம், வால் தெருவில் 40-ம் எண்ணுள்ள கட்டடம் மற்றொரு பக்கம். இரண்டுக்கும் படம் போட்ட சிற்பிகள் முன்னே ஒன்றாய்த் தொழில் செய்து பிரிந்துபோனவர்கள். பங்காளிப் பகை என்றால் கேட்கவேண்டுமா! வால் தெருக்காரர் 927 அடிக்குக் கட்டி, நாமே பெரியவர் என்றிருந்தார்கள். கிறைஸ்லர்காரரோ 185 அடி நீளமுள்ள எஃகுக் கூர்முடி ஒன்றைத் தங்கள் கட்டடத்துக்குள்ளேயே ஒருவருக்கும் தெரியாமல் செய்துவைத்து, 1929-ம் வருஷம் அக்டோபர் 23-ம் தேதி ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சியின் வழியாய் மேலே தூக்கி நாட்டிவிட்டார்கள். 1,046 அடி ஆயிற்று. மறுநாள் 24-ம் தேதி அதே பட்டணத்துப் பங்குச் சந்தை சரியத் தொடங்கிற்று. உலகம் முழுவதையும் பல வருஷம் பட்டினி போட்ட பொருளாதார வீழ்ச்சி அங்கே ஆரம்பித்தது. கூர்முடியை நாட்டினவர்களுக்கு அன்று இரவு வந்த தூக்கம் மறுநாள் இரவு வந்திருக்குமோ என்னவோ! அந்த முடியும் உலக உயரப் பட்டத்தை இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. எம்பயர் ஸ்டேட் கட்டடம் வந்து அதைப் பறித்துக்கொண்டது.

இந்தக் கட்டடத்துக்குப் பணமும் முயற்சியும் சேர்த்த இருவரும் கத்தோலிக்கர் என்பதை நம்மவர்களில் பலர் அறியமாட்டார்கள். ஒருவர் ஜான் ராஸ்காப் என்னும் செல்வர். மற்றவர் கம்பெனிக்குத் தலைவராயிருந்த ஆல்பிரட் ஸ்மித். ஸ்மித் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனார் இறந்ததால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, மீன் சந்தையிலே வேலைக்குப் போனவர். அப்படிப்பட்டவர் நியூயார்க் மாகாணத்துக்கு நாலு தடவை கவர்னராகி, 1928-ல் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கும் நின்றார். அங்குள்ள பெரிய கட்சி ஒன்று அந்தப் பதவிக்கு நிறுத்தின முதல் கத்தோலிக்கர் அவரே. பாப்பானவருக்குக் கீழ்ப்படிகிறவனை எப்படி நம்புவது என்று ஊரெல்லாம் தூற்றினார்கள். ஹூவர் என்பவரிடம் தோற்றார். மூன்று வருஷம் கழித்து, தம்மைத் தோற்கடித்த அதே ஹூவர் வாஷிங்டனிலிருந்து பொத்தானை அழுத்த, ஸ்மித்தின் பேரப்பிள்ளைகள் நாடாவை வெட்ட, கட்டடம் திறக்கப்பட்டது.

வேலை நடந்த விதத்தைச் சொல்லாமல் விடமுடியாது. அந்த இடத்திலிருந்த பெரிய ஹோட்டல் ஒன்றை இடித்துவிட்டு, அர்ச். பத்ரீசியார் திருநாளாகிய 1930 மார்ச் 17-ம் தேதி கட்டட வேலையை ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு நாலரை மாடி வீதம் எழும்பிற்று. வேலை மும்முரமான நாட்களில் 3,400-க்கு மேற்பட்ட ஆட்கள் ஒரே சமயத்தில் வேலை செய்தார்கள். ஒரு கோடி செங்கல்! அவற்றைத் தலையில் சுமக்கவைக்காமல், ஒவ்வொரு மாடியிலும் சின்னத் தண்டவாளம் போட்டு வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக்காக ஆட்கள் கீழே இறங்கி ஏறி நேரத்தைப் போக்காதபடி மேல்மாடிகளிலேயே சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். எல்லாம் 410 நாளில் முடிந்தது. நமது பக்கத்தில் அடுப்படிக்கு ஓடு மாற்றவே அத்தனை நாள் ஆகிறது என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. தெருவில் போகிறவர்கள் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். வேலையும் சேமிப்பும் போய் மனம் சோர்ந்திருந்த பட்டணத்துக்கு, நாளுக்கு நாள் வளருகிற பொருளொன்று கண்முன்னே இருந்தது ஆறுதல்தான்.

எஃகுச் சட்டங்களை ஒன்றோடொன்று இணைத்தது ரிவிட் ஆணி. அதற்கு நாலு நாலு பேராகச் சேர்ந்த கூட்டங்கள் இருந்தன. ஒருவன் சிறு உலையில் ஆணியைச் சிவக்கக் காய்ச்சி இடுக்கியால் எடுத்து எறிவான். மற்றொருவன் கீழே ஒன்றுமில்லாத வெளியில் ஒரு சட்டத்தின்மேல் நின்றுகொண்டு அதைத் தகரக் குவளையில் பிடித்துத் துளையிலே சொருகுவான். மூன்றாமவன் ஒரு பக்கம் முட்டுக்கொடுக்க, நாலாமவன் மறுபக்கத்தை இயந்திரச் சுத்தியலால் அறைந்து தலையாக்குவான். ஆணி ஆறிப்போனால் பயனில்லை. கை பிசகினால் நெருப்பு தெருவில் போகிறவன் தலையிலே விழும். நாளெல்லாம் இதே வேலை, ஆயிரம் அடி உயரத்தில். நாலு பேரில் ஒருவன் மற்ற மூவரை நம்பாமல் ஒரு ஆணிகூட ஏறாது.

அவர்களில் அயர்லாந்துக்காரர், இத்தாலியர் முதலிய குடியேறின ஜனங்கள் இருந்தார்கள். கனடாவில் மொன்றியல் பட்டணத்துக்கு அருகேயுள்ள கானவாகே என்னும் ஊரிலிருந்து வந்த மொஹாக் என்ற பூர்வகுடியினரும் இருந்தார்கள். அந்த ஊர்க் கோவிலில்தான் 2012-ம் வருஷம் 16-ம் ஆசீர்வாதப்பர் அர்ச்சியசிஷ்ட பட்டம் சூட்டின மொஹாக் கன்னிகை கத்தேரி தேக்கக்வித்தாளின் திருப்பண்டங்கள் இருக்கின்றன. 1907-ல் கியூபெக் பாலம் கட்டுகையிலேயே இடிந்து விழுந்தபோது, அந்த ஒரே ஊரில் 33 ஆண்கள் மாண்டார்கள். எஃகுச் சட்டங்களாலேயே சிலுவை செய்து கல்லறையில் நாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பின்னும் அவர்கள் இந்த வேலையை விடவில்லை. ஊரார் எல்லாரும் ஒரே இடத்துக்குப் போகாமல் பிரிந்து பிரிந்து போனார்கள். மறுபடி விபத்து நேர்ந்தால் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் தாலியறுப்பு வேண்டாம் என்ற எண்ணந்தான்.

எம்பயர் ஸ்டேட் வேலையில் மாண்டவர்கள் ஐந்து பேர் என்று கம்பெனிக் கணக்கு சொல்லுகிறது. வேலையாட்களின் முகங்கள் நமக்குக் கிடைத்திருப்பது லூயிஸ் ஹைன் என்ற படம்பிடிப்பவரால். முன்னே ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வதைபட்ட குழந்தைகளைப் படமெடுத்து, ஜனங்களின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பினவர் அவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், கட்டடத்தோடு கூடவே மேலே ஏறி, கூடையில் தொங்கிக்கொண்டும் படம் எடுத்தார். கம்பியைப் பற்றிக்கொண்டு வெளியில் தொங்குகிற வாலிபன், சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறவன், கயிறு இழுக்கிறவன்... முகங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் கீழே பெயர் இல்லை.

இனி உச்சிக்கு வருவோம். கிறைஸ்லர் முடியைத் தோற்கடிக்கவேண்டும் என்றால் உச்சியில் ஏதாவது இருக்கவேண்டுமே! ஆகாயக் கப்பல்கள் வந்து கட்டுவதற்கென்று 200 அடிக் கம்பம் ஒன்றை அமைத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து சமுத்திரம் கடந்து வரும் பிரயாணிகள் 1,250 அடி உயரத்திலே ஒரு பலகைப் பாலத்தின் வழியாய் நடந்து வந்து இறங்குவார்களாம். கட்டடத்தின் ஓரமாய் மேலெழும்புகிற காற்றைப் பற்றி ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 1931 செப்டம்பரில் ஒரு சிறு கப்பல் வந்து மூன்று நிமிஷம் கயிற்றில் கட்டுண்டிருந்தது. மற்றொன்று பத்திரிகைக் கட்டு ஒன்றைக் கயிறு கட்டி இறக்கிற்று. அவ்வளவே. ஒரு பிரயாணியும் அந்தக் கம்பத்தில் இறங்கவில்லை.

கீழே இருந்த மாடிகளின் கதி என்ன? அங்கேதான் நான் அதிகமாய் யோசித்தேன். நமதாண்டவர் சொன்னபடி இவர்கள் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்த்தவர்கள்தான். ஐந்து கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டு, நிலத்தையும் சேர்த்து நாலு கோடிச் சொச்சத்திலேயே முடித்தார்கள். சொன்ன தேதிக்கு முன்னேயே முடித்தார்கள். சுவிசேஷத்து மனிதனைப்போலத் தொடங்கி முடிக்கமாட்டாதவர் என்று அவர்களை யாரும் பரிகாசம் பண்ண முடியாது. ஆனாலும் பரிகாசம் வந்தது. முடித்தபின் குடியிருக்க ஆள் வரவில்லை! திறந்தபோது முக்கால் பங்குக்குமேல் காலியாயிருந்தது. ஊரார் பெயரைச் சற்றே திரித்து, காலிக் கட்டடம் என்று பொருள்படும்படி அழைத்தார்கள். முதல் வருஷத்தில் வாடகையாய் வந்த பணம், உச்சியிலிருந்து வேடிக்கை பார்க்க ஜனங்கள் கொடுத்த சீட்டுப் பணத்துக்குச் சமமாகத்தான் இருந்தது. செங்கலையும் எஃகையும் நாளையும் கூலியையும் கணக்குப் பார்த்தார்கள். யாருக்காகக் கட்டுகிறோம் என்ற ஒன்று கணக்கில் பின்னுக்குப் போயிற்று. செலவைக் கணக்குப் பார் என்று ஆண்டவர் சொன்னது பணத்தை மாத்திரமல்ல. அந்த அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால், உள்ளதையெல்லாம் துறக்காதவன் தமக்குச் சீஷனாகமுடியாது என்று முடிக்கிறார். அவர் பேசுகிற கோபுரம் எது என்று அப்போது விளங்கும்.

இப்போது 1945-ம் வருஷத்துக்கு வாருங்கள். ஜூலை 28, சனிக்கிழமை காலை. பட்டணம் மூடுபனியில் மறைந்திருந்தது. அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று வழி தடுமாறித் தாழப் பறந்து வந்து, கட்டடத்தின் வடபுறத்தில் 78-வது, 79-வது மாடிகளைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்தது. எண்ணெய் தீப்பற்றிற்று. ஒரு இயந்திரம் மறுபக்கச் சுவரையும் துளைத்து வெளியே போய் விழுந்தது. விமானத்தில் மூவர், கட்டடத்தில் பதினொருவர், ஆகப் பதினாலு பேர் மாண்டார்கள்.

அந்த 79-வது மாடியில் இருந்தது யார் தெரியுமா? அமெரிக்கக் கத்தோலிக்க மேற்றிராணிமார் 1943-ல் ஏற்படுத்திய யுத்த நிவாரண ஸ்தாபனத்தின் காரியாலயம். யுத்தத்தில் வீடு வாசல் இழந்து அந்நிய தேசங்களில் அலைந்த ஜனங்களுக்கு உணவும் உடையும் அனுப்புவது அவர்கள் வேலை. கட்டடத்தில் மாண்டவர்களில் பெரும்பாலானோர் அந்தக் காரியாலயத்து ஊழியர். பிறர் பசியை ஆற்ற மேஜைமுன் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் நெருப்பு வந்து விழுந்தது.

சர்வேசுரன் ஏன் இதை அநுமதித்தார் என்று ஒருவன் கேட்டால் என்ன சொல்வது? இங்கேதான் பதின்மூன்றாம் அதிகாரத்துக் கோபுரம் வருகிறது. சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டிருந்தார்கள். அவர்கள் மற்ற எருசலேம்வாசிகளைவிட அதிகக் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களோ என்று நமதாண்டவர் கேட்டு, இல்லையென்று தாமே விடை கொடுக்கிறார். ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. கேட்கிறவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்று மாத்திரம் சொல்லுகிறார். சாரத்திலிருந்து விழுந்து இறந்தவன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய், முன் செய்த பாவம், வாங்கின சாபம் என்று வாசலில் நின்று பேசுகிறவர்கள் நம்மிலும் உண்டு. அவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை முழங்காலில் இருந்து வாசிக்கட்டும்.

நெருப்பை அணைத்தபின் கட்டடம் நின்றது. திங்கட்கிழமையே பல மாடிகளில் வேலை தொடங்கிற்று. நிவாரண ஸ்தாபனத்தின் வேலையும் நிற்கவில்லை. மறு வருஷம், 1946-ல், அது நமது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. 1955-ல் அதற்குக் கத்தோலிக்க நிவாரண சேவை என்ற பெயராயிற்று. பங்கில் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர்கள் இந்த இடத்தில் தலையசைப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் சின்னப் பிள்ளைகளாயிருந்த காலத்தில், கோவில்களிலும் மடங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அமெரிக்கப் பால் பவுடரும் கோதுமையும் எண்ணெயும் கொடுப்பார்களே, டின்னிலும் சாக்கிலும் இரண்டு கைகள் சேர்ந்த படம் போட்டிருக்குமே! அவற்றைப் பல இடங்களில் விநியோகம் செய்தது அந்த ஸ்தாபனமே. வரிசையில் குவளையை நீட்டினவர்களில் எத்தனை பேருக்கு நியூயார்க் என்ற ஊர் தெரிந்திருக்கும்? உலகத்திலேயே உயர்ந்தது என்று பெயரெடுக்க உச்சியில் வைத்த கம்பத்தால் ஒரு மனிதனுக்கும் பிரயோசனமில்லை. 79-வது மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள் தொடங்கின வேலையால் நம் வீட்டுக் குழந்தைகள் பால் குடித்தார்கள்.

உயரத்தின் பட்டம் 1970-ல் போயிற்று. பிறகு அது பல கை மாறிற்று. 2010-ல் துபாயில் திறக்கப்பட்ட புர்ஜ் கலீஃபா 828 மீட்டர், அதாவது எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப்போல இரண்டு பங்குக்கு மேல். அதைக் கட்டினவர்களில் இந்தியா முதலான தேசங்களிலிருந்து போன கூலியாட்கள் ஆயிரக்கணக்கானவர். அவர்களின் முகங்களைப் படம் பிடித்து வைத்தவர் உண்டோ?

நமது காரியத்துக்கு வருகிறேன். நம் கோவில் மணிக்கூண்டைப் புதுப்பிப்பது பற்றிச் சென்ற மாதம் பங்குக் கூட்டத்தில் பேசினபோது, அடுத்த பங்கின் கோபுரத்தைவிட நம்முடையது பத்தடியாவது உயர்ந்திருக்கவேண்டும் என்று ஒருவர் எழுந்து சொன்னார். கைதட்டலும் கிடைத்தது. பேரை இங்கே எழுதவில்லை. பக்தியினால்தான் சொன்னார் என்றும் அறிவேன். ஆனால் இன்ஜினீயரைக் கேட்டதில், அந்தப் பத்தடிக்காக அஸ்திவாரத்தையே பலப்படுத்தவேண்டும் என்கிறார். ஆகையால் மணிக்கூண்டு இப்போதிருக்கிற உயரத்திலேயே இருக்கும். மிஞ்சுகிற பணத்தில் ஒரு பகுதியைச் சாரத்துக்கும், வலைக்கும், வேலையாட்களின் தலைக்கவசத்துக்கும் இடுப்பு பெல்ட்டுக்கும் வைக்கும்படி சபையாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டை மறைக்கும்படி மேல்மாடி எழுப்பிவிட்டு, இப்போது வட்டிக்கு நகையை அடகு வைத்துக்கொண்டிருக்கிற குடும்பங்கள் பங்கில் இரண்டு மூன்று உண்டு. அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வீடு கட்டுகிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமைக் கூலியைச் சனிக்கிழமையே கொடுங்கள். பிடித்துவைத்த கூலி சர்வேசுரனுடைய செவியில் கூப்பிடுகிறது என்று அர்ச். யாகப்பர் தமது நிருபத்தில் எழுதியிருக்கிறார். சித்தாள் பெண்களுக்குப் பாதி கூலி என்கிற கணக்கையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

மே 1-ம் தேதி காலை ஆறு மணிக்குப் பாட்டுப் பூசை. கொத்தனார், தச்சர், கம்பி கட்டுகிறவர், பெயிண்ட் அடிக்கிறவர், சித்தாள் எல்லாரும் அவரவர் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு, உளி, சுத்தியல், சாந்துச் சட்டியைக் கொண்டுவந்து சூசையப்பர் பீடத்தின்முன் வைக்கலாம். பூசை முடிந்தபின் அவை மந்திரிக்கப்படும். வேலைக்குப் போகிற நாள் என்பதால் ஏழரை மணிக்குள் முடித்துவிடுவோம். கட்டட வேலையில் இறந்துபோன உறவினர் உள்ளவர்கள் அவர்களுடைய பெயரை வியாழக்கிழமைக்குள் உபதேசியாரிடம் எழுதிக் கொடுங்கள். பூசையில் ஒவ்வொரு பெயராக வாசிக்கப்படும். வெளியூரிலும் வளைகுடா தேசங்களிலும் இறந்து, உடல் ஊர் வந்து சேராதவர்களின் பெயரையும் விட்டுவிட வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் நேரில் வந்து சொன்னால் போதும். உபதேசியார் எழுதிக்கொள்வார்.

உங்கள் பங்கு சுவாமியார்